முந்நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் மரம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றில் தானாகப் போய் விழுந்ததைக்கூட விடாமல் துரத்திப் போய் அளந்து, அதன் மேல் ஒரு நம்பரையும் அடித்துவிட்டு வந்த ஒருத்தி இருந்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவள் நம்பரக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட, "என்ன நம்பரக்கா, இன்னிக்கு ஆத்துல யாரு விழுந்தாங்க?" என்றுதான் விசாரிப்பார்கள். அவளும் அசராமல், "ரெண்டு பேரு. ஒருத்தர் ஒல்லி, ஒருத்தர் குண்டு" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுப் பதறிப்போனதுண்டு.

நீர் அளவைத் துறையில் அவளுக்கு வேலை. பாலத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட இரண்டு அறை அலுவலகம். முன்னறையில் ஒரு மேசை, ஒரு பீரோ, கால் ஆடுகிற ஒரு நாற்காலி. பின்னறையில் மழைக்கோட்டு, கயிறு, எந்தக் காலத்திலும் ஈரம் காயாத இரண்டு ஜோடி பூட்ஸ். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பாலத்தின் மூன்றாவது தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். நடுவில் கிடக்கும் பன்னிரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று துறை எங்கும் சொல்லவில்லை. முதல் ஆறு வருஷம் அவள் அந்த நேரத்தில் ஸ்வெட்டர் பின்னினாள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு ஆகி, "போதும் தாயே" என்று அவர்களே கெஞ்ச ஆரம்பித்த சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி அதிகாரி வந்து இறங்கினார்.

அதிகாரிக்கு ஒரே ஒரு கேள்வி. வெள்ளம் வரும்போதெல்லாம் பாலத்துத் தூண்களில் மரமும் கட்டையுமாக வந்து அடைத்துக்கொள்கிறதே, அதெல்லாம் எங்கிருந்து வருகிறது? எது வந்து சேர்கிறது, எது வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது? அது மணலாறு அல்ல. அடியெல்லாம் கூழாங்கல். மலையடிவாரத்திலிருந்து பாலம் வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர், இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, சேர்ந்து, நடுநடுவே கல்திட்டுகளைப் போட்டுக்கொண்டு வரும். "ஆள் நீளத்துக்கு மேல, தொடைப் பருமனுக்கு மேல எந்த மரம் விழுந்து கிடந்தாலும் ஒரு தகரத்துல நம்பர் போட்டு ஆணி அடிச்சிடுங்க. நீளம், சுத்தளவு, வேர் இருக்கா இல்லையா, எங்க கிடக்கு, எல்லாம் எழுதுங்க. வெள்ளம் வடிஞ்சதும் போய் அதே நம்பர் எங்க இருக்குன்னு தேடுங்க. மூணு வருஷத்துக்கு" என்றார் அதிகாரி.

ஒன்றரை வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. "வேற ஒருத்தர் வந்து பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் வரவில்லை. ஆனால் நிறுத்து என்று ஒரு தாளும் வரவில்லை. தாள் வராததால் நம்பரக்கா நிறுத்தவில்லை. இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இதில் ஒரு விசேஷம், அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் அவள் ஆற்றுக்குள் கால் வைக்க மாட்டாள். நடு ஆற்றுத் திட்டில் ஒரு கட்டை கிடந்து, வழியில் தண்ணீர் தொடை அளவு ஓடினால், அது வடிகிறவரை கரையில் உட்கார்ந்து அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டையும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அளவு எடுக்கும் நாடா காணாமல் போனால் அவர் யாரையும் சந்தேகப்பட மாட்டார். நேரே மனைவியின் பையைத்தான் திறப்பார். மண்ணும் பாசியுமாக நாடா சுருண்டு கிடக்கும். "இந்த நாடாவ எடுத்து அந்த ஆளு இடுப்புல சுத்தினா, என்னய்யா பாம்பு மாதிரி ஜில்லுனு இருக்குன்னு கத்துறாரு. மரத்துக்கெல்லாம் சட்டை தைக்கறதா ஒத்துக்கிட்டியா என்ன? சொல்லிடு, துணி வாங்கணும்" என்பார். மாதம் ஒரு புது நாடா வாங்கிவைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

பதினோரு வருஷத்தில் மரங்களின் சுபாவம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. காற்றில் சாய்ந்து விழுவது கொஞ்சம். மலைச்சரிவில் மண்ணோடு வழுக்கிக்கொண்டு வருவது கொஞ்சம். மற்றதெல்லாம், ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கத்துக் கரையை அரித்து அரித்து, ஆறே இழுத்துப் போட்டுக்கொள்வதுதான். விழுந்த பிறகு குட்டைக் கட்டைகளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வேரும் இல்லை கிளையும் இல்லை என்றால், கால்கட்டு இல்லாத பிள்ளை மாதிரி முதல் வெள்ளத்திலேயே ஊர் சுற்றக் கிளம்பி நேரே பாலத்துக்கு வந்துவிடும். வேரோடு விழுந்த பெரிய மரம் அப்படியல்ல. வேரும் மண்ணும் கல்லுமாகத் திரண்டிருக்கும் அந்தப் பந்தை அவள் வேர்க்கொண்டை என்பாள். அந்தக் கொண்டையைக் கல்லில் ஊன்றிக்கொண்டால், சம்பந்தி வீட்டுக்கு வந்த பெரியம்மா மாதிரி, லேசில் எழுந்திருக்காது. போதாததற்கு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும்.

இந்த ஞானத்தைக் கேட்க ஊரில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. எல்லாரையும்விடப் பொறுமை இல்லாதவர் அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணன் சாலைத் துறையில் மேஸ்திரி. பாலத்தைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. தங்கையைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் ஐம்பத்தோரு வயதுக்காரியை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கட்டை என்றாலே ஆகாது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் தூண்களுக்கு நடுவே மரங்கள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறி, ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவரையே கொண்டுபோய்விட்டது. அவர் அப்போது பாலத்தின் மேல் நின்றிருந்தார். "கால் கீழ அதிர்ந்துச்சு மாப்பிள்ளை" என்று தையல்காரரிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அன்றிலிருந்து ஆற்றில் ஒரு குச்சி மிதந்தால்கூட அவர் கை மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தேடும்.

அண்ணன் அறுக்கிற கட்டைகளில் பாதிக்குத் தங்கை அடித்த தகரம் இருக்கும். அதை நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, தையல் மேசைமேல் கலகலவென்று கொட்டுவார். "இந்தா பாப்பா, உன் புள்ளைங்க வந்துட்டாங்க."

"எந்தத் தூண்ல எது கிடந்துச்சு? எந்த மணிக்கு வந்துச்சு?"

"அது என்ன ரயிலா, மணி பார்த்து வர்றதுக்கு?"

அவள் முறைப்பாள். அவர் டீ குடித்துவிட்டுப் போவார்.

இரண்டாவது வளைவில், வெளிப்பக்கத்துக் கரை விளிம்பில் ஒரு பெரிய மரம் நின்றது. கரை அரித்து அரித்து, பாதி வேர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நம்பரக்கா அதன்மேல் கண் வைத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் விழுந்த மரத்துக்குத்தான் நம்பர் அடிக்கலாம் என்பது சட்டம். சட்டத்தைப் போட்டவர் போய்விட்டார், சட்டம் போகவில்லை. எனவே அவள் தினமும் போய்ப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய தகரம் பையிலேயே துருப்பிடிக்க ஆரம்பித்தது. "பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இத்தனை தடவை போக மாட்டாங்க. மரம் சரின்னு சொல்லிச்சா இல்லையா?" என்று கேட்டார் கணவர்.

ஒரு வெள்ளம் வந்தது. மரம் விழவில்லை. அடுத்தது வந்தது. பாலத்தடியில் தண்ணீர் ஐந்து மீட்டர் ஏறியது. அப்போதும் விழவில்லை. தண்ணீர் வடிந்து, வானம் வெளுத்து, ஈரமெல்லாம் காய்ந்துகொண்டிருந்த ஒரு நல்ல வெயில் நாளில், அவள் பாறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில், பின்னால் பெரிய மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கரையும் இல்லை, மரமும் இல்லை. ஊறிப்போன மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் இறங்கியதும், கரை தன் பாரம் தாங்காமல் சரிந்துவிட்டது. இரண்டு வருஷம் காத்திருந்து, விழுகிற அந்த ஒரு கணத்தில் அவள் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவளால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

நீளம் இருபத்திரண்டு மீட்டர். சுற்றளவு, கணவரின் நாடா இரண்டு முழுதாக. வேர்க்கொண்டை அவளைப் போல ஒன்றரை ஆள் உயரம். தகரத்தை அடித்து முடித்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

விஷயம் அண்ணன் காதுக்கு எட்ட ஒரு நாள்தான் ஆயிற்று. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத நாலு துண்டா அறுத்துப் போடணும்னு எழுதிக் குடுத்துட்டேன், பாப்பா. அது மட்டும் வந்து இடிச்சா பாலம் போச்சு."

"அண்ணா, முழுசா இருந்தா அது அங்கயே கிடக்கும். நாலு துண்டாக்கினா நாலும் மிதக்கும். நாலும் உன் பாலத்துக்குத்தான் வரும். நீயே வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி."

"இருபத்திரண்டு மீட்டர் மரம்! வெள்ளம் சும்மா விட்டுடுமா?"

"ஒரு அங்குலம் நகராது."

"நகர்ந்தா?"

நம்பரக்கா அப்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். பதினோரு வருஷம் பொறுமையாக எழுதியவள், அண்ணன் முன்னால் மட்டும் எட்டு வயதுப் பெண்ணாகிவிடுவாள். "நகர்ந்தா இந்தச் சுத்தியல உன் கையில குடுத்துட்டு நான் மறுபடி ஸ்வெட்டர் பின்னப் போறேன்" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்" என்றார் கணவர், தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து.

இரண்டு துறை, ஒரு மரம் என்பதால் வழக்கு கோட்டப் பொறியாளரிடம் போனது. இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார். நம்பரக்கா பதினான்கு நோட்டுப் புத்தகங்களை ஒரு பழைய படுக்கை விரிப்பில் மூட்டை கட்டிக்கொண்டு போனாள். பொறியாளர் தலை நரைத்தவர், மெலிந்தவர்; மேசைமேல் மாத்திரை டப்பா வைத்திருந்தார்.

"இந்த வேலைய உங்கள யாரும்மா செய்யச் சொன்னது?"

"நிறுத்துன்னு யாரும் சொல்லலைங்க சார்."

அவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு நோட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். நீளம், சுற்றளவு, வேர், இடம் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு 'குறிப்பு' என்று தலைப்பு. அங்கே வந்ததும் பொறியாளரின் குரல் மாறியது.

"எண்பத்தெட்டு. பாலத்தில் சிக்கியது. அண்ணன் அறுத்துவிட்டார். தகரத்தைக் கேட்டதற்கு, தகரமா முக்கியம் என்று கத்தினார். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் போல."

அண்ணன் நாற்காலியில் நெளிந்தார்.

"நூற்று முப்பத்தொன்று. முதல் தூண். அண்ணன் இன்று சிரித்தார். பல் வலி சரியாகியிருக்க வேண்டும். இருநூற்று ஆறு. அண்ணன் மழையில் தொப்பி இல்லாமல் நிற்கிறார். சொன்னால் கேட்பதில்லை." பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மேஸ்திரி, இந்த ஆத்தப் பத்தித் தெரியுதோ இல்லையோ, உங்க உடம்பப் பத்தி நல்ல ஆவணம் இருக்கு."

"இதெல்லாமா எழுதுவே?" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கட்டம் பெருசா இருந்துச்சு அண்ணா. காலியா விடக்கூடாதுன்னு அந்த அதிகாரி சொல்லியிருந்தாங்க."

பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "முந்நூத்திப் பதினொண்ணுல, வேரோட இருந்தது எத்தனை?"

"அறுபத்தி நாலு சார்."

"அதுல பாலத்துக்கு வந்தது?"

"மூணு."

"வேர் இல்லாதது?"

"இருநூத்தி நாப்பத்தி ஏழு. நூத்தி நாப்பது வந்துடுச்சு. அதுலயும் முக்கால்வாசி, தண்ணி ஏறும்போதே வந்துடும் சார். உச்சிக்கு ஏறி இறங்க ஆரம்பிச்சா அப்புறம் ஒண்ணு ரெண்டுதான். அண்ணன் ஆளுங்க தண்ணி இறங்கினதுக்கு அப்புறம்தான் கிரேன் கொண்டுவருவாங்க. அதுக்குள்ள எல்லாம் பின்னிக்கிட்டு அடைச்சிரும்."

அண்ணன் பதின்மூன்று வருஷத்தை மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளத்திலும் அவர் பயந்துபோய், தண்ணீர் இறங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

பொறியாளர் எழுதிய உத்தரவு அரைப் பக்கம். பெரிய மரத்தைத் தொட வேண்டாம். வேரில்லாத குட்டைக் கட்டைகளைக் கோடையிலேயே தங்கை காட்ட, அண்ணன் அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் ஏற ஆரம்பிக்கும்போதே கிரேன் பாலத்தில் நிற்க வேண்டும். ஒரு பருவம் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

அந்தக் கோடையில் அண்ணனும் தங்கையும் ஆற்றோரம் சேர்ந்து நடந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் இருவரும் சேர்ந்து இவ்வளவு தூரம் நடந்ததில்லை. வழியெல்லாம் சண்டைதான். "இது குட்டையா? இது குட்டைன்னா நான் குள்ளனா?" என்று ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வழக்கு.

மழை சீக்கிரமே வந்தது. ஒருநாள் காலை ஆறு மணி அளவிலேயே தண்ணீர் மளமளவென்று ஏற ஆரம்பித்தது. எட்டு மணிக்குக் கிரேன் பாலத்தின் நடுவில் நின்றது. அண்ணனின் ஆட்கள் நான்கு பேர் கயிறும் கொக்கியுமாகக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றார்கள். தண்ணீர் சேற்று நிறத்தில் கொதித்துக்கொண்டு வந்தது. அடியில் கூழாங்கற்கள் உருளும் கடகடச் சத்தம் பாலத்தின் மேலேயே கேட்டது. ஒன்பது மணிக்கு முதல் கட்டை. தூணைத் தொடும் முன்பே கொக்கி மாட்டித் தூக்கிவிட்டார்கள். பிறகு ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல இரண்டு. நம்பரக்கா மழைக்கோட்டுக்குள் நோட்டை மறைத்துக்கொண்டு மணியோடு எழுதினாள். அண்ணன் தாமாகவே, "மூணாவது தூண், பத்து இருபது!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். அவள் காதில் அது சங்கீதமாக விழுந்தது.

மூன்று மணிக்குத் தண்ணீர் உச்சிக்கு வந்து நின்றது. மொத்தம் பதினொரு கட்டை. போன வருஷம் இதே அளவு வெள்ளத்துக்கு நாற்பத்தாறு.

"இனிமே வராதா?" என்று கேட்டார் அண்ணன், நம்பாமல்.

"வந்தா ஒண்ணு ரெண்டு. நீ போய்ச் சாப்பிடு."

அவர் போகவில்லை. ஐந்து மணிவரை அங்கேயே நின்றார். ஒரு குட்டைக் கட்டை மட்டும் வந்தது. இருபத்திரண்டு மீட்டர் மரம் வரவில்லை.

நம்பரக்கா அன்று வீட்டுக்குப் போன நடையைப் பார்த்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்து, கை வீசி, வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் "பதினொண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. இரண்டாவது வளைவுக்குப் போனாள். மரம் கிடந்த இடத்தில் மரம் இல்லை. கல் மட்டும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று கிடந்தது. கரையோரமாகவே தேடிக்கொண்டு கீழே நடந்தாள். அடுத்த நீளமான கல்திட்டின் தலைப்பில், வேர்க்கொண்டை மேல்பக்கம் பார்க்க, வால் கீழ்ப்பக்கம் நீள, முந்நூற்றுப் பன்னிரண்டு சாவகாசமாகப் படுத்திருந்தது. அதன் மேலும் ஓரமும் சின்னதும் பெரியதுமாக இருபத்தேழு கட்டைகள் சாய்ந்து கிடந்தன. பழைய இடத்திலிருந்து அங்கே வரை அவள் அடியெடுத்து அளந்தாள். அறுநூற்று நாற்பது மீட்டர்.

மதியம் வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். கணவர் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"நகர்ந்துடுச்சுங்க."

"யாரு?"

"முந்நூத்திப் பன்னெண்டு. அறுநூத்தி நாப்பது மீட்டர்."

"பாலத்துக்கு வரலதானே?"

"ஒரு அங்குலம் நகராதுன்னு சொன்னேனே."

"சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? அங்க போற ஒரே ஆளு நீதான்."

அவள் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் உடனே ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார். நோட்டில் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. எழுதியதை அவள் அடித்ததே இல்லை. கை கழுவிவிட்டு நேரே அண்ணனிடம் போனாள்.

அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "ஒரு அங்குலம்! ஒரே ஒரு அங்குலம்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு, "காட்டு, எனக்கு நேர்ல பார்க்கணும்" என்று மறுநாளே பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திட்டுக்குப் போகிற வழியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. மரத்தடிக்கு வந்ததும் அண்ணனின் சிரிப்பு மெல்ல நின்றது. சாய்ந்து கிடந்த கட்டைகளைக் கையை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தேழு வந்தது. மறுபடி எண்ணினார். "இதெல்லாம் எங்கிட்ட வந்திருக்க வேண்டியது" என்றார் தாழ்ந்த குரலில்.

நம்பரக்கா பையிலிருந்து சுத்தியலை எடுத்து நீட்டினாள். முகத்தில் விளையாட்டே இல்லை. "சொன்ன சொல் சொன்னதுதான். பிடி."

அண்ணன் வாங்கிக்கொண்டார். என்ன சொல்வது என்று தெரியாதபோது அவருக்கு அங்குமிங்கும் நடக்கும் பழக்கம். வேர்க்கொண்டையைச் சுற்றி முன்பக்கமாகப் போனார்.

"அண்ணா, அந்தப் பக்கம் போகாத! வேருக்கு முன்னாடி தண்ணி மோதி மோதிப் பள்ளம் தோண்டியிருக்கும்."

"முழங்கால் தண்ணி, பாப்பா. ஆத்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் ஆளைக் காணோம். தொப்பி மட்டும் வட்டமாகச் சுற்றிக்கொண்டு மிதந்தது.

நம்பரக்காவுக்கோ நீச்சல் தெரியாது. மரத்தின் மேல் குப்புற விழுந்து, ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிடைத்த கொம்பு ஒன்றை நீட்டினாள். தலை வெளியே வந்தது. இருமிக்கொண்டும் திட்டிக்கொண்டும் கொம்பைப் பிடித்து மேலே ஏறி, மரத்தின்மேல் துவண்டு உட்கார்ந்தார். காதிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"சுத்தியல் போச்சு" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"போனா போகுது. உனக்கு ஒண்ணும் ஆகலையே? அடி பட்டுச்சா?"

"இல்ல."

அவள் அவர் தலையையும் முழங்கையையும் தொட்டுப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை. அது தெரிந்ததும் பழைய புத்தி வந்துவிட்டது.

"அண்ணா, உள்ள போனியே, கால் தரையில தட்டுச்சா?"

"தட்டல."

"கையை மேல தூக்கியிருந்தியா?"

"எதுக்குக் கேக்கற?"

"அப்போ ரெண்டு மீட்டருக்கு மேல" என்று சொல்லி அவள் நோட்டைப் பிரித்தாள். அண்ணன் அவளை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் அந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள்.

சொட்டச் சொட்டத் தையல் கடைக்குள் நுழைந்தவரைப் பார்த்த தையல்காரர், "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடன்னு சொல்வாங்க. இங்க பாசி மணம்ல வருது" என்றார். தைத்து முடித்து மாட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டையைக் கொடுத்தார். அதில் இன்னொரு மேஸ்திரியும் நுழையலாம். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தெரு வழியே வீட்டுக்குப் போனதை ஊரே பார்த்தது.

மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் புதுச் சுத்தியல், ரப்பர் பிடி போட்டது. மேசைமேல் வைத்தார்.

"நான்தான் வாக்குக் குடுத்தேனே அண்ணா" என்றாள் நம்பரக்கா.

"குடுத்தே. நானும் வாங்கினேன். அது ஆத்துல போச்சு. அதோட அந்தக் கணக்குத் தீர்ந்துச்சு. இது வேற." கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, சமாளித்துக்கொண்டு சொன்னார்: "நீ ஸ்வெட்டர் பின்னப் போயிட்டா, கிரேன எப்போ கொண்டாந்து நிறுத்தறதுன்னு எனக்கு யாரு சொல்றது? அந்த வேர்க்கொண்டை ஒரு அங்குலம் நகர்ந்துதோ ஒரு மைல் நகர்ந்துதோ, என்னைத் தேடி வரல. எனக்கு அது போதும்."

அந்த வருஷம் இன்னும் இரண்டு வெள்ளம் வந்தன. மரம் அசையவில்லை. அதைப் பற்றி நம்பரக்கா இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறைந்து பொடிக்கல்லும் வண்டலும் படிந்தன. வண்டலில் புல் முளைத்தது. முன்பக்கத்துப் பள்ளத்தில் கைநீள மீன்கள் நின்றன. அண்ணனுக்கு அந்தப் பள்ளத்தின் மேல் தனி உரிமை வந்துவிட்டது. அதன் ஆழம் கேட்பவர்களுக்கு அவரே முன்வந்து சொல்வார், ஒவ்வொரு தடவையும் அரை மீட்டர் கூட்டி.

அடுத்த கோடையில் அவர் தம்முடைய ஆட்கள் நான்கு பேரையும் திட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். வேர்க்கொண்டை என்றால் என்ன, தண்ணீர் ஏன் முன்னால் தோண்டிப் பின்னால் போடுகிறது, குட்டைக் கட்டைக்கு ஏன் புத்தி கிடையாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். கொஞ்சம் தள்ளிக் கல்லில் உட்கார்ந்திருந்த நம்பரக்கா அதில் மூன்று தப்பு எண்ணினாள். ஒன்றையும் திருத்தவில்லை. பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டாள்.

"மேஸ்திரி, இங்க பாருங்க" என்றான் ஆட்களில் ஒருவன். மரத்தின் மேல்பக்கத்தில், பட்டை வெடித்த இடத்தில், வெளிர்பச்சையாக நாலைந்து தளிர் விட்டிருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். "அப்போ இது மரமா, கட்டையா?"

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவளும் எழுந்து வந்து பார்த்தாள். ஒரு தளிரை விரல் நுனியால் தொட்டாள். அவளுடைய கட்டத்தில் இதற்கு இடம் இல்லை. "எனக்கும் தெரியல" என்றாள்.

இதற்குள் மற்றொருவன் களைப்பாக மரத்தின் மேல் ஏறி உட்காரப் போனான்.

"டேய், டேய், எந்திரி!" என்று அண்ணன் பதறிக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தார். "கண்ணு தெரியலயா? தளிர் இருக்குடா அங்க."